குரல் உபயம் முத்துக்கண்ணன்

காரைக்குடியில் முத்துக்கண்ணனைத் தெரியாதவர்கள் ஏராளம். அவர் குரலைத் தெரியாதவர் ஒருவர்கூடக் கிடையாது. ஆடித் தள்ளுபடியா, அவர் குரல். கோயில் திருவிழாவா, அவர் குரல். இன்னாருடைய தகப்பனார் இன்று அதிகாலை இயற்கை எய்தினாரா, மாலை மூன்று மணிக்கு எடுக்கிறார்களா, அதுவும் அவர் குரல்தான். ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளை முன்னும் பின்னுமாகக் கட்டி, ஓட்டுநருக்குப் பின்னால் மைக்கும் கையுமாக உட்கார்ந்து, முப்பது வருஷமாக ஊருக்கு நல்லது கெட்டது சொல்லி வருகிறார். ஆள் ஐந்தடி இரண்டங்குலம். குரல் ஆறடிக்குக் குறையாது. ஒலிபெருக்கியில் கேட்ட குரலை நம்பிப் பெண் கொடுக்கச் சம்மதித்த மாமனார், நேரில் ஆள் வந்து நின்றதும், “மாப்பிள்ளை பின்னால வாராரா?” என்று கேட்டதாக ஒரு பேச்சு உண்டு. முத்துக்கண்ணன் அதை மறுத்ததில்லை.

தொழிலில் அவருக்கு ஒரு நெறி இருந்தது. கண்ணால் பார்க்காததை வாயால் சொல்ல மாட்டார். சேலைக்குத் தள்ளுபடி என்றால் கடைக்குப் போய் முந்தானையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் ‘தரமான’ என்ற சொல்லை வாயில் எடுப்பார். சாவு என்றால் வீட்டுக்கே போய், போய்ச் சேர்ந்தவர் காலடியில் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் மைக்கைத் தொடுவார். ஒரு தடவை கோவிலூர்ப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து போனில் சாவு சொன்னார்கள். வழக்கப்படி நேரில் போனார். செத்தவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருந்தார். அதன் பிறகு அந்த மனிதர் நாலு வருஷம் உயிரோடு இருந்தார். வழியில் பார்க்கிற போதெல்லாம், “என்னப்பா, பாத்துக்கிட்டியா?” என்று முத்துக்கண்ணனிடம் வருகையைப் பதிவு செய்துகொண்டு போவார்.

அப்பேர்ப்பட்டவர் நெறி தவறியது ஒரே ஒரு விஷயத்தில்தான். அது குப்பை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் குப்பை வண்டிகளில் போடுவதற்கு ஓர் அறிவிப்பு வேண்டுமென்று கூப்பிட்டார்கள். மின்விசிறி இல்லாத ஒரு அறையில் தாளைக் கையில் கொடுத்தார்கள். ‘அன்பான பொதுமக்களே, மக்கும் குப்பை, மக்காத குப்பை எனத் தனித்தனியே பிரித்துக் கொடுங்கள். பொது இடங்களில் குப்பை கொட்டாதீர்கள். மீறினால் அபராதம் விதிக்கப்படும்.’ ஒரே மூச்சில் வாசித்துவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். ‘மக்காத’ என்ற இடத்தில் ‘கா’வை ஒரு முழம் இழுத்தது மட்டும் அவர் சொந்தச் சரக்கு. வண்டி எங்கே போகிறது, குப்பையை யார் வாங்குகிறார்கள், வாங்கி என்ன செய்கிறார்கள் என்று போய்ப் பார்க்கவில்லை. குப்பையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கலாம். பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

ஆனால் அவர் பேசியதிலேயே ஆயுள் கெட்டியானது அந்தப் பேச்சுதான். தள்ளுபடி ஆடியோடு போய்விடும். செத்தவர் மூன்று மணிக்குப் போய்விடுவார். குப்பை மட்டும் தினமும் உண்டு. காலை ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் முத்துக்கண்ணன் எங்கேயோ பேசிக்கொண்டிருப்பார். கரண்டியில்கூடப் பெயர் வெட்டி வைக்கிற ஊர் இது. கோயில் குழல்விளக்கில் வெளிச்சத்துக்கு இடமில்லாமல் ‘உபயம்’ எழுதுகிற ஊர். ஆகவே அறிவிப்பின் முடிவில் ‘குரல் உபயம்: முத்துக்கண்ணன்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாமா என்று அப்போதே அவர் கேட்டுப் பார்த்தார். அரசாங்கத்தில் அப்படி வழக்கமில்லை என்றார்கள். மனதில் அது ஒரு முள்ளாகவே கிடந்தது.

இந்த நிலையில்தான் ஊர் மாநகராட்சி ஆனது. வண்டிகளோ இன்னும் ‘நகராட்சி’ என்றே பேசிக்கொண்டிருந்தன. ஒரு திங்கட்கிழமை சுகாதார ஆய்வாளர் போன் செய்தார். வெள்ளிக்கிழமை வந்து புதிதாகப் பேசித் தர வேண்டும். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே மனிதக் குரலில் பேசுகிறது, அதையே போட்டுவிடலாம் என்று ஆபீசில் ஒருவர் யோசனை சொன்னாராம். நான்தான், ஊர் பழகிய குரல் இருக்கும்போது அது எதற்கு என்று நிறுத்தி வைத்திருக்கிறேன் என்றார் ஆய்வாளர். முத்துக்கண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே அந்தச் செய்தியைக் கமிட்டியின் முன் வைத்தார்.

கமிட்டி என்பது மூன்று பேர். பெயிண்டுக் கடை பாண்டிமுருகன், இன்சூரன்ஸ் முகவர் முத்தரசு, முத்துக்கண்ணன். கூடுகிற இடம் ஒரு பெரிய வீட்டின் பின்கதவு. இந்த ஊரில் பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவிலும் பின்கதவு அடுத்த தெருவிலும் இருக்கும். அந்த வீட்டுக்காரர்கள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். கல்யாணம் வந்தால் முன்கதவு திறக்கும். பின்கதவு திறந்து யாரும் பார்த்ததில்லை. அதன் முன்னால் சந்தில் ஒரு கல்படி. அந்தப் படியில் பதினோரு வருஷமாகக் கமிட்டி கூடி வந்தது.

தெருவில் குடிப்பது தவறு என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் வீட்டில் குடித்தால் மரியாதை போகிறது. கடையை ஒட்டின பாரில் குடித்தால் தெரிந்தவன் பார்த்துவிடுகிறான். ஆக, மரியாதைக்கும் கௌரவத்துக்கும் சேதமில்லாத ஒரே இடம் பொது இடம்தான் என்ற முடிவுக்கு நீண்ட ஆலோசனைக்குப் பிறகு வந்திருந்தார்கள். அங்கே முக்கியமாகப் பேசப்பட்ட பொருள் நாட்டில் பொறுப்புணர்ச்சி குறைந்து போனது. சிங்கப்பூரில் இப்படி ஒரு காகிதத்தைக் கீழே போட்டுவிட முடியுமா என்று முத்தரசு கேட்பார். கேட்டபடியே கடலைத் தோலை ஊதிவிடுவார். சனங்க திருந்தாம ஊரு திருந்தாது என்று பாண்டிமுருகன் தண்ணீர்ப் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் துப்புவார்.

முத்துக்கண்ணன் அப்படிப்பட்டவர் அல்ல. குரல் கொடுத்த மனிதர் என்ற பொறுப்பு அவருக்கு இருந்தது. கூட்டம் முடிந்ததும் மூன்று பிளாஸ்டிக் தம்ளர், தண்ணீர்ப் பாக்கெட், ஊறுகாய் உறை, சிக்கன் எலும்பு, காலி பாட்டில் எல்லாவற்றையும் ஒரே கேரிபையில் போடுவார். வாயைத் திருகி ஒரு முடிச்சுப் போடுவார். பின்கதவின் இரும்பு வளையத்தில் அழகாக மாட்டுவார். அந்த முடிச்சு சாதாரண முடிச்சல்ல. ஆட்டோவின் தலையில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டுகிற முடிச்சு. தேவகோட்டை ரோட்டில் ஆடிக் காற்று அடித்தாலும் அசையாது. அவிழ்க்கிற சூட்சுமம் மைக்செட்காரர்கள் நாலைந்து பேருக்கு மட்டும் தெரியும். “காந்தி கட்டிட்டாருப்பா” என்பார் பாண்டிமுருகன். முத்துக்கண்ணன் கையைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போவார், ஒரு நல்ல குடிமகனின் நிம்மதியோடு.

செய்தியைச் சொன்ன திங்கட்கிழமை கமிட்டி கொஞ்சம் கூடுதலாகவே மகிழ்ந்துவிட்டது. ‘மாநகராட்சி’ என்று பேசிக் காட்டச் சொன்னார்கள். முத்துக்கண்ணன் எழுந்து நின்று பேசிக் காட்டினார். சந்து அதிர்ந்தது. முத்தரசு கை தட்டியதில் மடியிலிருந்த பாட்டில் உருண்டு படியில் விழுந்து சிதறியது. மற்ற இருவரும் காலை ஒதுக்கிக்கொண்டார்கள். முத்துக்கண்ணன் மட்டும் செல்போன் வெளிச்சத்தில் குனிந்து ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கினார். யார் காலிலும் குத்திவிடக் கூடாதே என்று படியைக் கையால் தடவிக்கூடப் பார்த்தார். எல்லாவற்றையும் பைக்குள் போட்டார். வழக்கத்தைவிட இறுக்கி முடிச்சுப் போட்டார்.

மறுநாள் சாயங்காலம் சந்துக்குள் நுழைந்தபோது அவர்தான் முதல் ஆள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. பதினோரு வருஷத்தில் அந்த நேரத்தில் அது திறந்து அவர் பார்த்ததில்லை. அது ஜன்னத்துல் பிர்தௌஸின் வீடு. கணவர் அப்துல் மாலிக் குவைத்தில் இருக்கிறார். பிர்தௌஸ் அதிகாலையில் எழுந்து இடியாப்பம் பிழிந்து ஓட்டல்களுக்குக் கொடுக்கிறவர். சாயங்காலமானால் அடுப்படிப் புழுக்கத்திலும் ஜன்னலை இறுகச் சாத்திக்கொண்டு இருப்பவர். ஏன் சாத்துகிறார் என்று கமிட்டி ஒருநாளும் விவாதித்ததில்லை.

“அண்ணே, கொஞ்சம் நில்லுங்க” என்றார் பிர்தௌஸ். “வெள்ளிக்கிழமை புதுசாப் பேசப் போறீகளாம்ல?”

ஊரெல்லாம் பேச்சாகிவிட்டதே என்று முத்துக்கண்ணனுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. யார் சொன்னது என்று கேட்டார்.

“நீங்கதான் நேத்துச் சொன்னீக. எங்க அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு.”

அதற்குப் பிறகு பிர்தௌஸ் குரலை உயர்த்தாமல் சொன்னது இது. காலையில் வழக்கம்போல் குப்பை வண்டி வந்தது. வண்டியோடு வருகிற கருப்பி வளையத்தில் தொங்கிய பையை எடுத்தாள். கலந்து கிடந்தால் பிரித்துத்தான் போட்டாக வேண்டும். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், முடியவில்லை. பல்லால் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தாள். உள்ளே இருந்த சில்லு கையுறையோடு சேர்த்து உள்ளங்கையைக் கட்டைவிரல் அடியிலிருந்து அறுத்துவிட்டது. பிர்தௌஸ்தான் துண்டைச் சுற்றி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஏழு தையல். திரும்பி வந்து பார்த்தால் வண்டி அங்கேயே நிற்கிறது. நிறுத்த ஆளில்லாமல் ஒலிபெருக்கி பேசிக்கொண்டே இருக்கிறது.

“உங்க குரலுதான். பிரிச்சுக் குடுங்க, பிரிச்சுக் குடுங்கன்னு.”

முத்துக்கண்ணன் படியைப் பார்த்தார். காய்ந்த ரத்தத்தின் மேல் யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தது தெரிந்தது. “நாங்க கீழ போடலையே தங்கச்சி” என்றார். “கட்டித்தானே வச்சோம்.”

“அதான்ணே. கீழ போட்டிருந்தா அக்கா விளக்குமாத்தால கூட்டிட்டுப் போயிருக்கும்.”

பிர்தௌஸ் ஜன்னல் கதவில் கை வைத்தபடியே மீதியையும் சொல்லிவிட்டார்.

“எதையும் பாத்துட்டுத்தான் பேசுவேன்னு அன்னாடம் இந்தப் படியில உக்காந்து பெருமையடிக்கிறீக. கருப்பியக்காவ ஒருக்காப் போய்ப் பாருங்க. பாத்துட்டுப் பேசுங்க. பாக்காமப் பேசுனீகன்னா வெள்ளிக்கிழமை நானும் ஆபீசுக்கு வருவேன். இந்தக் குரலை சாயங்காலம் எங்குட்டு வந்தா கேக்கலாம்னு அவுகளுக்குச் சொல்லணும்ல.”

ஜன்னல் சாத்திக்கொண்டது. கமிட்டியின் மற்ற உறுப்பினர்கள் வருவதற்குள் முத்துக்கண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

ஆறு மணிக்கே கணவர் நிதானத்தோடு வீடு திரும்பியதைக் கண்டு அவர் மனைவி முதலில் பயந்துதான் போனார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், கருப்பி என்று ஒரு துப்புரவுக்கார அம்மாளைத் தெரியுமா என்று முத்துக்கண்ணன் கேட்டார். மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஆறு வருஷமாகத் தினமும் நம் வாசலுக்கு வருகிறவள்தானே, இன்று அவள் வராமல் வேறு ஒருத்தி வந்தாளே என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்றார். அந்த ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட முத்துக்கண்ணன் குப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்ததில்லை. வண்டி தெருவில் நுழையும்போது அவர் உள்ளே காபி குடித்துக்கொண்டு, தன் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

அன்று ராத்திரி முழுக்க அவர் கணக்குப் போட்டது ஒன்றைத்தான். பிர்தௌஸ் சொல்லிவிட்டால் வண்டியிலிருந்து குரல் இறங்கிவிடும். கம்ப்யூட்டர் ஏறிவிடும். கம்ப்யூட்டருக்கு எந்தச் சந்திலும் கமிட்டி கிடையாது. தள்ளுபடியும் சாவும் அவருக்கு எப்போதும் இருக்கும். ஆனால் அடுத்த நாளும் ஊர் கேட்கிற ஒரே பேச்சு போய்விடும். போய்ப் பார்த்துவிட்டால் பிர்தௌஸ் வாயைத் திறக்க மாட்டார். ஆக, போய்ப் பார்த்துவிட வேண்டியது. இரண்டு ஆறுதல் வார்த்தை, ஒரு சீப்பு வாழைப்பழம். பையைக் கட்டியது யார் என்று கருப்பிக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. திட்டம் கச்சிதமாக இருந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் பலர் இதைவிடக் குறைந்த திட்டத்தோடு மாலையே வாங்கியிருக்கிறார்கள்.

புதன்கிழமை போய்ப் பார்த்தார்; கருப்பி வேலைக்கு வரவில்லை. வியாழக்கிழமை விடியும்போது வண்டிகள் நிற்கிற கொட்டகைக்குப் பழச் சீப்போடு மறுபடி போனார். கையில் கட்டோடு ஒரு பெண், மற்றக் கையால் பேட்டரி வண்டியிலிருந்து மின்கம்பியை உருவிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து ஐம்பது வயது. பின்னாலிருந்து, “வணக்கம்மா” என்றார். அவள் திரும்பி அவரைப் பார்க்கவில்லை. வண்டியின் ஒலிபெருக்கியைப் பார்த்தாள். பொத்தானைத் தொட்டுப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது. அதற்குப் பிறகுதான் திரும்பினாள்.

“இம்புட்டுண்டு ஆளா நீங்க?” என்றாள். 

மாமனாருக்குப் பிறகு அந்தச் சந்தேகத்தை நேருக்கு நேர் கேட்டவள் அவள்தான்.

புதிதாகப் பேச வேண்டியிருக்கிறது, அதற்கு முன்னால் வேலையைப் பார்த்துக்கொள்ளலாமென்று வந்தேன் என்றார். கை இப்படி இருக்கும்போது வந்திருக்கிறீர்களே என்றும் கேட்டார். இன்னொரு கை சும்மாதானே இருக்கு என்று கருப்பி வண்டியைக் கிளப்பினாள். வாழைப்பழத்தைப் பெருக்குமாற்றுக்குப் பக்கத்தில் மாட்டினாள். முத்துக்கண்ணன் அடிபட்ட கைக்குப் பதிலான கை ஆனார்.

முதல் தெரு முடிவதற்குள் அவருக்குத் தன் குரல் சலித்துவிட்டது. மூன்றாவது தெருவில் அதன்மேல் பகையே வந்துவிட்டது. அது பிரிக்கச் சொல்லிக்கொண்டே போக, வாளிகளில் சோறும் சாம்பாரும் சவர பிளேடும் குழந்தைத் துணியும் ஒரே குடும்பமாக வந்துகொண்டிருந்தன. ஒரு மாடி வீட்டில் இறங்கி வரச் சோம்பல் பட்டு மேலிருந்தே பையைப் போட்டார்கள். வண்டிக்குள் விழுந்தபோது குறி தப்பவில்லை என்று பேசிக்கொண்டார்கள். வாசலை முப்பது புள்ளிக் கோலத்தால் நிறைத்திருந்த ஒரு வீட்டில், கோலம் கெடாமல் பக்கத்து வீட்டு வாசலில் பையை வைத்திருந்தார்கள். சட்டையை உள்ளே விட்டுக்கொண்ட ஒரு கனவான், வண்டி லேட்டு, புகார் கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஒலிபெருக்கியைப் பார்த்துச் சொன்னார். முத்துக்கண்ணனும் கருப்பியும் பக்கத்தில் நின்றது அவர் கண்ணில் படவில்லை.

அந்த ‘மக்கா...த’ இழுப்பைப் பற்றிக் கருப்பியின் அபிப்பிராயத்தை மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். அந்த நேரத்துக்குள்ள ரெண்டு வீட்டுக் குப்பைய வாங்கிப்புடலாம் என்றாள்.

பின்சந்துக்கு வந்தார்கள். முந்தைய இரவு கமிட்டி முத்துக்கண்ணன் இல்லாமலே கூடியிருந்தது. தம்ளரும் பாக்கெட்டும் படியைச் சுற்றி இறைந்து கிடந்தன. கருப்பி இடக்கையால் விளக்குமாற்றை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தாள்.

“முடிச்சுக்காரரு நேத்து வரலை போல” என்றாள். “அதான் கூட்ட வசதியாக் கெடக்கு.”

முடிச்சுக்காரர் யார் என்று முத்துக்கண்ணன் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“ஆரு கண்டா. முகத்தப் பாத்ததில்ல. கட்டுற கட்ட மட்டுந்தேன் தெரியும். ஒரு பொண்ணு கழுத்துல தாலி கட்டுற மாதிரிக் கட்டுவாரு.”

முத்துக்கண்ணன் குனிந்து தம்ளர்களைப் பொறுக்கினார். திட்டம் இன்னும் கெடவில்லை. இந்தச் சந்தைத் தாண்டினால் பத்துத் தெரு, அப்புறம் வீடு, அப்புறம் வெள்ளிக்கிழமை. வண்டியின் ஓரத்தில் பிளாஸ்டிக்குக்கென்று கட்டியிருந்த சாக்கு ஒருபக்கம் அவிழ்ந்து தொங்கியது. ஒற்றைக் கையால் கட்ட முடியாமல் கருப்பி அவரிடம், அதை மட்டும் செத்தக் கட்டி விடுங்க என்றாள். அவர் கயிற்றை வாங்கினார். மனம் திட்டத்தில் இருந்தது; கை முப்பது வருஷப் பழக்கத்தில் இருந்தது. ஒரு சுற்று, உள்ளே ஒரு நுழை, திருப்பி ஒரு இழு. கட்டி முடித்து நிமிர்ந்தார்.

கருப்பி முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடி முடிச்சைப் பார்த்தாள். ஒலிபெருக்கி மட்டும் பொதுமக்களை அன்போடு கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எதிர்வாசலில் பிர்தௌஸ் இடியாப்பத் தட்டோடு வந்து நின்றவர் நின்றபடியே இருந்தார்.

“நீங்கதானா?”

“நாந்தேன்” என்றார் முத்துக்கண்ணன். ஒலிபெருக்கி சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. அதனால் இன்னொரு தடவையும் சொல்ல வேண்டியிருந்தது.

திட்டுவாள் என்று நினைத்தார். அழுவாளோ என்றும் பயந்தார். கருப்பி கட்டுப் போட்ட கையைத் தூக்கி முடிச்சைச் சுட்டினாள்.

“இத எப்புடி அவுக்குறது? சொல்லிக் குடுங்க.”

குட்டையாக நீட்டிக்கொண்டிருக்கிற வாலைப் பிடித்துக் கீழ்ப்பக்கமாக ஒரு சுண்டு சுண்ட வேண்டும், அவ்வளவுதான் என்று காட்டினார். கருப்பி இடக்கையால் சுண்டினாள். ஆடிக் காற்றுக்கு அசையாத முடிச்சு நூலாக அவிழ்ந்து விழுந்தது.

“இம்புட்டுத்தானா?” என்றாள். “இதுக்கா ஆறு வருசமாப் பல்லால கடிச்சேன்.”

முத்துக்கண்ணனுக்கு அப்போது தோன்றிய யோசனை உயர்ந்த யோசனை. புது அறிவிப்பை நீங்களே பேசிவிடுங்கள், நான் அதிகாரியிடம் சொல்கிறேன் என்றார். பாவத்துக்குப் பரிகாரமாகக் குரலையே துறக்கிற அந்தத் தியாகம் கருப்பியை உருக்கவில்லை.

“நான் வாசல் வாசலாச் சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன். எவரு காதுலயும் ஏறலைன்னுதான் உங்களப் புடிச்சு வண்டியில வச்சிருக்காக. நீங்களே பேசுங்க. பைய முடியாதீகன்னு ஒரு வார்த்த சேத்துப் பேசுங்க. கண்ணாடின்னா கையில குடுக்கச் சொல்லுங்க.”

அவள் வண்டியை நகர்த்தினாள். பிர்தௌஸ் ஒரு தட்டில் நாலு இடியாப்பத்தை வைத்து கருப்பியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வெள்ளிக்கிழமை அவர் ஆபீசுக்கு வர வேண்டிய அவசியம் தீர்ந்துவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

நியாயப்படி முத்துக்கண்ணனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். குரல் பிழைத்தது. தெரிந்த இருவரும் வாய் திறக்கப் போவதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மைக்கின் முன் உட்கார்ந்து, புதுத் தாளில் ‘மீறினால் அபராதம் விதிக்கப்படும்’ என்ற வரிக்கு வந்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. தண்ணீர் கொடுத்தார்கள். மறுபடி அதே இடத்தில் அடைத்தது. மூன்றாம் தடவை எழுந்து போய் சுகாதார ஆய்வாளரிடம் பின்சந்து, கமிட்டி, பை, சில்லு, முடிச்சு எல்லாவற்றையும் தலைப்புச் செய்தியிலிருந்து வானிலை வரை ஒப்பித்துவிட்டார்.

ஆய்வாளர் பேனாவை மூடித் திறந்து மூடினார். அபராதம் போடுகிற குரலுக்கே அபராதம் போட வேண்டி வந்தால் என்ன செய்வது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

“நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காதே” என்றார்.

“நான் பாத்துட்டேன்ல சார்.”

ஆய்வாளர் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். பொது இடத்தில் குப்பை இட்டமைக்கு, முத்துக்கண்ணன், என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார். ஆறு வருஷம் ஆசைப்பட்ட பெயர் ஒருவழியாக அரசாங்கத் தாளில் ஏறியது. குற்றம் செய்தவர் பேசக் கூடாது என்றும் சுற்றறிக்கையில் இல்லாததால், போய்ப் பேசிட்டு வாங்க என்றார். கருப்பியின் இரண்டு வரியையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு ஆய்வாளர் தாளை வாங்கித் தன் கையாலேயே எழுதினார். இந்தத் தடவை ‘மக்காத’ என்ற சொல்லை முத்துக்கண்ணன் இழுக்கவில்லை. அபராத வரியில் தொண்டை அடைக்கவும் இல்லை.

சாயங்காலம் கமிட்டியில் தன் ராஜினாமாவையும், கமிட்டியே இடத்தைக் காலி செய்ய வேண்டிய நியாயத்தையும் முன்வைத்தார். பாண்டிமுருகனுக்குக் கோபம் வந்தது. “சந்து என்ன உங்கப்பன் வீட்டுதா?” என்றார்.

“இல்லைய்யா. அதத்தான் நானும் சொல்றேன்.”

கமிட்டி இரண்டு சந்து தள்ளி வேறொரு பின்கதவுக்கு மாறியது. பூட்டிய பெரிய வீட்டுக்கு இந்த ஊரில் என்ன பஞ்சம். முத்துக்கண்ணன் குடியை விட்டுவிட்டார் என்று சொன்னால் அவர் மனைவியே சிரிப்பார். சனிக்கிழமை மட்டும், வீட்டு மாடியில், மனைவி அளந்து வைத்த ஊறுகாயோடு, குரலெடுத்துப் பேசக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில் நடக்கிறது. மரியாதை போகத்தான் செய்கிறது. கொஞ்சம் போனால் பரவாயில்லை என்று இருக்கிறார். பின்சந்தில் சாயங்காலம் பிர்தௌஸின் ஜன்னல் பாதி திறந்திருக்கிறது. மீதிப் பாதி எப்போது திறக்கும் என்பது அந்தப் படியில் அடுத்து யார் உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி அவர் தெருவுக்குள் நுழைந்தது. ‘பையை இறுக முடிச்சுப் போடாதீர்கள், பிரிப்பவருக்கும் கை இருக்கிறது. உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றித் தனியே கையில் கொடுங்கள்’ என்று பேசிக்கொண்டே வந்தது. முத்துக்கண்ணன் வாசலில் நின்றார். ஒரு வாளியில் காய்கறித் தோல், ஒன்றில் பிளாஸ்டிக், கையில் செய்தித்தாளில் சுற்றிய சனிக்கிழமை. எதிலும் முடிச்சு இல்லை.

கருப்பி தாளைப் பிரித்து ஒருமுறை பார்த்துவிட்டு, பாட்டிலைத் தனிச் சாக்கில் வைத்தாள். உள்ளங்கையில் தையல் பிரித்த தடம் இளஞ்சிவப்பாக இருந்தது. வாளிகளைக் கவிழ்த்துக் கொடுத்தாள். ஒலிபெருக்கி அவர் முகத்துக்கு நேராக அன்பான பொதுமக்களே என்று மறுபடி ஆரம்பித்தது.

“ஆளே நேர்ல நிக்கிறீக. இது எதுக்கு” என்று கருப்பி பொத்தானை அமுக்கினாள்.

அந்த ஒரு வீட்டு வாசலை வண்டி சத்தமில்லாமல் கடந்தது. அடுத்த வீட்டுக்கு வந்ததும் மறுபடி போட்டாள்.